முந்நூறு பேருக்கு ஒரே நடை

கபிலேஷ் செத்துப்போன நாற்பத்தோராவது நாள் அவனுக்குக் கல்யாணம்.

பதற வேண்டாம். செத்தது சினிமாவில். பூந்தமல்லியைத் தாண்டிப் போட்டிருந்த செட்டில் தினமும் காலை ஏழு மணிக்கு முகத்தில் சாம்பல் நிறத்தைப் பூசிக்கொண்டு, வாயோரம் சிவப்புச் சாயத்தை ஒழுகவிட்டுக்கொண்டு பிணமாவான். மாலை ஆறு மணிக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு உயிர் பெறுவான். அவனோடு சேர்த்து முந்நூறு பேர். அத்தனை பேரும் ஜாம்பிகள். அத்தனை பேரும் துணை நடிகர்கள். ஹீரோவைக் கடிப்பதற்கு மட்டும் தனியாக ஒரு ஜாம்பி மும்பையிலிருந்து வந்திருந்தது.

முதல் நாளே சண்டை. இயக்குநர் விதுருக்கு இருபத்தெட்டு வயது, முதல் படம், நிறையக் கொள்கைகள்.

"பொணம் ஓடக் கூடாது மாஸ்டர்."

"தயாரிப்பாளர் ஓடச் சொல்றாரே தம்பி."

"செத்தவனுக்கு என்ன அவசரம்? எந்த பஸ்ஸைப் பிடிக்கணும்?"

"சரி, நடக்கட்டும். எப்படி நடக்கணும்?"

"அவனவன் எப்படி வாழ்ந்தானோ அப்படி. தையல்காரன் பொணம் ஒரு மாதிரி, தபால்காரன் பொணம் ஒரு மாதிரி. முந்நூறு பேரும் முந்நூறு விதமா வரணும்."

ஏழுமலை மாஸ்டர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். முப்பத்தைந்து வருடமாகக் கதாநாயகர்களுக்குப் பின்னால் நாற்பது பேரை ஒரே மாதிரி இடுப்பை ஆட்டவைத்தவர் அவர். கடைசி வரிசையில் ஒருத்தன் சுண்டுவிரல் தாழ்ந்தாலும் விசிலை ஊதிப் பாட்டை நிறுத்திவிடுவார். "முந்நூறு விதமா? அதுக்குப் பேர் கூட்டம். ரங்கநாதன் தெருவுல கேமராவை வெச்சா ஓசியிலயே கிடைக்கும். நான் எதுக்கு இருக்கேன்?"

அவர் நடனத்தில் ஊறியவர். அதனால் பிணத்துக்கும் எட்டு எண்ணிக்கை போட்டார். இடது காலை இழு, வலது முழங்காலை மடக்காதே. "ஒன், டூ, த்ரீ, ஃபோர்ல தலையைச் சாய்! ஃபைவ், சிக்ஸ், செவன்ல தோளை வெட்டு! எய்ட்ல நில்லு! டேய் மூணாவது லைன், நீ என்ன பொணமா, புதுமாப்பிள்ளையா?"

முதல் வரிசையின் நடுவில் கபிலேஷ். அவனுக்கு அந்த நடை முதல் நாளே கச்சிதமாக வந்துவிட்டது. "எல்லாரும் கபிலேஷைப் பாத்து நடங்கடா!" என்றார் மாஸ்டர். பார்த்து நடந்தார்கள். நான்காவது வாரத்தில் முந்நூறு இடது கால்கள் ஒரே சத்தத்தோடு தரையைத் தேய்த்தன. விதுர் தன் கொள்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "பிரமாதம் மாஸ்டர்" என்றான். வேறு என்ன சொல்ல முடியும்?

ஒரே ஒரு சிக்கல். ஆறு மணிக்கு முகம் கழுவிய பிறகும் கால்கள் கேட்கவில்லை. கபிலேஷ் டீக்கடைக்குக்கூட எட்டு எண்ணிக்கையில்தான் போனான். ஏழில் தோளை வெட்டி, எட்டில் நின்று, "அண்ணே, ஒரு டீ" என்றான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தான். கூட மோனிஷா, மணப்பெண். கண் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். எதையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். அவளுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா தனபால், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சினிமாக்கார மாப்பிள்ளைக்கு இரண்டு வருடம் இழுத்தடித்துப் பாதி மனதோடு தலையாட்டியவர்.

"தம்பி, நல்லா கேட்டுக்குங்க. இன்னிக்குக் கையெழுத்து ஆகலேன்னா நான் எம் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். இது கடைசி வண்டி. இதை விட்டா அடுத்த வண்டி கிடையாது."

"ஆயிடும் மாமா."

"மாமாவெல்லாம் கையெழுத்துக்கு அப்புறம்."

வாசலில் இருபது அடி நீளத்துக்குச் சாம்பல் நிறக் கம்பளம். அதன் மேல் நடந்தால் போதும், ஆள் யாரென்று மெஷின் சொல்லிவிடும். அட்டை, கைரேகை எல்லாம் ஒழிந்து வருடக்கணக்காகிவிட்டது. ரேஷன் கடை, மெட்ரோ, வீட்டுக் கதவு எல்லாவற்றுக்கும் இப்போது நடைதான் அடையாளம். விரலை வெட்டி எடுத்துக்கொண்டு போய்த் திருடலாம், நடையை எப்படித் திருடுவது என்று அப்போது விளம்பரம் செய்தார்கள்.

கபிலேஷ் கம்பளத்தில் காலை இழுத்து இழுத்து நடந்தான். பச்சை விளக்கு எரிந்தது.

சார்பதிவாளர் கோமதிநாயகி திரையைப் பார்த்தார். "கபிலேஷ், தகப்பனார் முனிரத்தினம். உக்காருங்க. என்ன விஷயம்?"

"கல்யாணப் பதிவு மேடம்."

கோமதிநாயகி இன்னொரு முறை திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறையும் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் போன வியாழக்கிழமையே கல்யாணம் ஆயிடுச்சே."



"யாருய்யா அவ?" என்றாள் மோனிஷா.

"சிவரஞ்சனி" என்று கோமதிநாயகி உதவி செய்தார்.

"எந்தச் சிவரஞ்சனி?"

"மோனி, சத்தியமா..." கபிலேஷ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ, அது பரணியோட ஆளு! பரணி ரெண்டாவது வரிசை ஜாம்பி, மேடம், என் ஃப்ரெண்டு!"

தனபால் எழுந்துவிட்டார். "வாம்மா, இறங்கு. போலாம்."

"இருப்பா" என்றாள் மோனிஷா. "அவன் பொய் சொன்னா காது சிவக்கும். சிவக்கல. பரணிக்கு போன் போடு."

அரை மணி நேரத்தில் பரணிதரன் வந்தான். அவனும் எட்டு எண்ணிக்கையில்தான் வந்தான். மெஷின் பச்சை விளக்கைப் போட்டு, "கபிலேஷ்" என்றது. கையில் அவனுடைய கல்யாணச் சான்றிதழ், பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டு.

"அதுல மாப்பிள்ளை பேரைப் படிங்க" என்றார் கோமதிநாயகி.

பரணி படித்தான். வெளிறிப்போனான். முகத்தில் சாயம் இல்லாமலே பிணம் மாதிரி ஆனான்.

"ஒரு வாரமா வெச்சிருக்கியே, படிக்கலையா நீ?" என்று கபிலேஷ் கத்தினான்.

"இங்கேர்ந்து நேரா லேமினேஷன் கடைக்குத்தாண்டா போனோம். அப்புறம் சாமி படத்துக்கிட்ட வெச்சு கும்புட்டோம். சர்டிபிகேட்டைப் போய் யார்டா படிப்பா?"

"மேடம், எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றார் தனபால். "இவன் நடந்தாலும் அவன், அவன் நடந்தாலும் இவனா?"

கோமதிநாயகி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "பெரியவரே, மனுஷன் நடை மாறும் இல்லையா? கால்ல அடிபடும், வயசாகும், உடம்பு போடும். அதனால மெஷின் தினமும் கொஞ்சம் கொஞ்சமா திருத்திக்கும். இவர் திடீர்னு காலை இழுக்க ஆரம்பிச்சார். பாவம், ஏதோ விபத்துன்னு மெஷின் எழுதிக்கிச்சு. அப்புறம் அதே நடையில யார் வந்தாலும் அது இவர்தான்னு நினைச்சுக்குது."

"பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. முதல்ல போட்டவனுக்குத்தான் சீட்டு."

"அதேதான்."

"அப்ப மேடம்," கபிலேஷ் மெதுவாகக் கேட்டான், "போன வாரம் எதிர் பிளாக் ஆறுமுகம், அவனும் ஜாம்பிதான், என் வீட்டுக்குள்ள உக்காந்து கிரிக்கெட் பாத்துக்கிட்டிருந்தான். கதவு தானா திறந்துச்சு, அதான் உள்ள வந்தேன்னான். அதுவும் இதனாலயா?"

"இந்த ஊர்ல இப்ப முந்நூறு கபிலேஷ் இருக்காங்க சார். அதுல ஒருத்தருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. சட்டப்படி எல்லாருக்கும் ஆயிடுச்சு."

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழைய பதிவுகள் உள்ளே பத்திரமாக இருந்தன. கபிலேஷும் பரணியும் பழையபடி அவரவர் சொந்த நடையில் கம்பளத்தில் நடந்து, இரண்டு பேரும் வேறு வேறு ஆள் என்று மெஷின் ஒப்புக்கொண்டால், கோமதிநாயகி வியாழக்கிழமைப் பதிவைத் திருத்தலாம். கபிலேஷுக்கும் கல்யாணம் செய்து வைக்கலாம். ஆனால் ஐந்து மணிக்குள். கபிலேஷ் கொடுத்திருந்த கல்யாண நோட்டீஸ் அன்றோடு காலாவதி. மறுநாளிலிருந்து அலுவலகம் மூன்று நாள் விடுமுறை.

மணி நாலு.

"நட" என்றாள் மோனிஷா.

நடந்தான். மெஷின் "கபிலேஷ், திருமணமானவர்" என்றது. மறுபடி நடந்தான். "திருமணமானவர்." காலை இழுக்காமல் தூக்கி வைத்தால் தலை சாய்ந்தது. தலையைப் பிடித்துக்கொண்டால் தோள் வெட்டியது.

"உன் நடை எப்படி இருக்கும்? யோசி."

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் அதுக்குள்ளயே இருந்தேனே."

"பழைய வீடியோ எதுவும் இல்லையா?"

கபிலேஷ் யோசித்தான். பதினோரு வருடம், இருநூறு படம். போலீஸாக ஓடியிருக்கிறான். தீவட்டி பிடித்துப் படைவீரனாக நடந்திருக்கிறான். மூன்று தலைவர்களின் இறுதி ஊர்வலத்தில் அழுதுகொண்டே போயிருக்கிறான். எல்லாமே யாரோ சொல்லிக்கொடுத்த நடை. "என் நடை ஒரு படத்துலயும் இல்ல மோனி" என்றான்.

மோனிஷா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள். "இங்க பாரு. நீ இப்படித்தான் நடப்ப."

நடந்து காட்டினாள். யாரோ முன்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல வலது தோள் முன்னால் போனது. பத்தடிக்கு ஒரு முறை பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். தரையில் தண்ணீரே இல்லாத இடத்தில் தேங்கிய தண்ணீரைத் தாண்டுவது போலத் தாண்டினாள்.

பரணி வாய்விட்டுச் சிரித்தான். "அச்சு அசல் இவன்தாங்க!"

"நான் அப்படியா நடப்பேன்?" கபிலேஷுக்கு அவமானமாக இருந்தது. "கேவலமா இருக்கே."

"அதைப் பாத்துத்தான்யா ஓகே சொன்னேன்."

தனபால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் தெரிந்துகொண்டது காலுக்கு இறங்கவில்லை. தோளை முன்னால் தள்ளினான், பேன்ட்டை இழுத்தான், எல்லாம் செய்தான். எட்டாவது அடியில் நின்றான். "திருமணமானவர்."

நாலே காலுக்கு மாஸ்டரே ஆட்டோவில் வந்து இறங்கினார். பரணி போன் செய்திருந்தான். அன்று படப்பிடிப்பு இல்லாததால் உச்சக்கட்டக் காட்சியைப் பற்றி அவர் வீட்டில் வாதம் செய்துகொண்டிருந்த விதுரும் கூடவே வந்தான்.

"என் பசங்களால நடக்க முடியலையா? யார் சொன்னது?" மாஸ்டர் விசிலை எடுத்தார். "கபிலேஷ், ரெடி? உன் சொந்த நடை. ஒன், டூ, த்ரீ, ஃபோர்..."

"எண்ணாதீங்க மாஸ்டர்!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

எண்ணுவதை நிறுத்தினார். அவருடைய விரல் நிறுத்தவில்லை. மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தது. கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கால் தாளம் போட்டது. அவரை வராந்தாவுக்கு அனுப்பினார்கள். பக்கத்து அறையில் ஒரு குமாஸ்தா பத்திரங்களில் டப், டப் என்று முத்திரை குத்தினார். கபிலேஷின் கால் அதற்கும் எண்ணிக்கொண்டது.

மணி நாலு நாற்பத்தைந்து. தனபால் பையைத் தோளில் மாட்டினார். "போதும்மா. பாவம், நல்ல பையன்தான். ஆனா ஆளே யாருன்னு தெரியாதவனுக்கு எப்படிக் குடுக்கறது?"

மோனிஷா எழுந்திருக்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. கபிலேஷின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

வராந்தாவிலிருந்து மாஸ்டர் அதைப் பார்த்தார். அவர் யாரையும் அழவைத்ததில்லை என்று சொல்ல முடியாது. தினமும் நாலு பேரை அழவைப்பார். ஆனால் மணப்பெண்ணை இதுவரை இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு தனக்குத்தானே முணுமுணுத்தார். "நாற்பத்தோரு நாள். என் விசிலை மீறி இவனுங்க ஒரு தடவைகூட நடந்ததில்லையா? எப்ப மீறினானுங்க? எப்ப?"

சட்டென்று நிமிர்ந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"பிரேக்! சாப்பாடு வந்தாச்சு!"

அடுத்த கணம் கபிலேஷையும் பரணியையும் காணோம். கம்பளத்தின் மறுமுனையில் இருந்தார்கள். கபிலேஷ் வலது தோளை முன்னால் தள்ளி, பேன்ட்டை இழுத்துவிட்டு, இல்லாத தண்ணீரைத் தாண்டிக்கொண்டு போனான். பரணி வாத்து மாதிரி இரண்டு பக்கமும் ஆடி ஆடி, முழங்கையால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். அங்கே கூட்டமே இல்லை.

மெஷின் ஒரு விநாடி யோசித்தது.

"கபிலேஷ், திருமணமாகாதவர். பரணிதரன், திருமணமாகாதவர்."

"சாப்பாடு எங்க மாஸ்டர்?" என்று பரணி கேட்டான்.

நாலு ஐம்பத்தெட்டுக்குக் கபிலேஷும் மோனிஷாவும் தம்பதிகள். பரணியின் பழைய சான்றிதழில் 'ரத்து' முத்திரை குத்தத்தான் கொஞ்சம் சிரமப்பட்டது. பிளாஸ்டிக்கில் மை ஒட்டவில்லை.

"அந்த ஜாம்பி நடையை அழிச்சிட்டேன்" என்றார் கோமதிநாயகி. "இனிமே மெஷினுக்கு உங்க பழைய நடைதான் தெரியும். மத்த இருநூத்தித் தொண்ணூத்தெட்டு பேரும் அவங்கவங்க ஆளாயிடுவாங்க. தயவுசெஞ்சு ஒழுங்கா நடங்க."

தனபால் பையைக் கழற்றினார். "இப்பக் கூப்பிடு."

"மாமா."

"ம்."

இதில் ஒருவன் மட்டும் கல்யாணத்தையே கவனிக்கவில்லை. விதுர் கம்பளத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். "மாஸ்டர், ஜாம்பிக்கு என்ன வேணும்? சாப்பாடு! அதுக்கு நாம நடையே சொல்லித் தந்திருக்கக் கூடாது!"

மறுநாள் சனிக்கிழமை உச்சக்கட்டக் காட்சி. பகல் பன்னிரண்டரைக்கு ஒளித்து வைத்த ஆறு கேமராக்கள் ஓட, மாஸ்டர் "சாப்பாடு வந்தாச்சு!" என்று கத்தினார். முந்நூறு பேர் முந்நூறு விதமாக வந்தார்கள். விதுருக்குப் புல்லரித்தது. "ஒன் மோர்!" என்றான். சாப்பாடு வரவில்லை. மறுபடி கத்தினார்கள், மறுபடி வந்தார்கள், இன்னும் நன்றாக வந்தார்கள். மூன்றாவது டேக்கில் கண்கள் குழி விழுந்து தெரிந்தன. நான்காவதில் ஒளிப்பதிவாளர் கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். மணி மூன்றே கால். ஐந்தாவது டேக்கில் அவர்கள் கோடு போட்ட இடத்தில் நிற்கவில்லை. நேராக விதுரை நோக்கி நடந்துகொண்டே இருந்தார்கள்.

படத்தில் அந்தக் காட்சியில் பின்னணியில் கேட்கும் அலறல் இயக்குநருடையது. நிஜமானது. கேரவனுக்குள் அவன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட பிறகுதான் சாப்பாட்டு வண்டி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் கல்யாண விருந்து. முந்நூறு பேரும் வந்திருந்தார்கள். தனபால் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் இறங்கினார். "உள்ள தள்ளு, உள்ள தள்ளு! இடம் நிறைய இருக்கு! படியில தொங்காதே, வடையைக் கையில வெச்சுக்கிட்டு!"

கபிலேஷ் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருநூறு படத்தில் எத்தனையோ கல்யாணப் பந்தி பார்த்தவன். "சாப்பிடற மாதிரி பண்ணு, சாப்பிட்டுறாதே, கன்டின்யுட்டி போயிடும்" என்பார்கள். ஒரே லட்டு நாலு நாள் இலையில் இருக்கும். இன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. முதலில் ஒரு லட்டைத் தின்றான். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னொன்று. பாயசம் மூன்று முறை வாங்கினான்.

மூன்று மணிக்கு இருவரும் துணை நடிகர் குடியிருப்புக்கு வந்தார்கள். இரண்டாவது மாடி. வராந்தாவில் நடந்து வீட்டை நெருங்கினான்.

"மன்னிக்கவும். தாங்கள் யார்?" என்றது கதவு.

திரும்பிப் போய் மறுபடி வந்தான்.

"மன்னிக்கவும். தாங்கள் யார்?"

மோனிஷா உற்றுப் பார்த்தாள். காலை இழுக்கவில்லை. தோள் வெட்டவில்லை. கோமதிநாயகிக்கு போன் போட்டார்கள். விடுமுறை நாளில் கூப்பிட்டதற்கு முதலில் திட்டிவிட்டுப் பிறகு கேட்டார்.

"உங்க நடையை முதல்ல எப்ப பதிஞ்சாங்க?"

"பதினெட்டு வயசுல மேடம். வார்டு முகாம்ல. காலைல ஆறு மணிக்கு வரிசையில நின்னேன், சாயங்காலம் நாலு மணிக்குத்தான் பதிஞ்சாங்க."

"அன்னிக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"அங்க ஏது சாப்பாடு?"

"சரி, அதுக்கப்புறம் தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

"வேலை முடிஞ்சதும் நேரா வந்துடுவேன். வந்துதான் அடுப்பையே பத்தவைப்பேன்."

கோமதிநாயகியின் குரல் தாழ்ந்து வந்தது. "இன்னிக்கு நல்லா சாப்பிட்டீங்களா?"

"ஆமா மேடம். வயிறு நிறைய."

"அதான். அந்தக் கதவு உங்களை இப்படிப் பார்த்ததே இல்ல. கொஞ்சம் பொறுங்க. பசிச்சதும் திறந்துடும்."

கபிலேஷ் வராந்தாவில் நடக்க ஆரம்பித்தான். மெதுவாக, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தாண்டாமல், பேன்ட்டை இழுக்காமல். மோனிஷா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். அவளும் இப்படிப் பார்த்ததில்லை. கீழே எட்டிப் பார்த்தால் விருந்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் மூடிய கதவுகளுக்கு முன்னால் ஏப்பம் விட்டுக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தரை மணிக்குக் கபிலேஷின் வலது தோள் லேசாக முன்னால் போனது. கதவு க்ளுக் என்றது. "கபி..." என்று ஆரம்பித்தது, இன்னும் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தனபால் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். கையில் நாலு அடுக்கு கேரியர். "மாப்ளே, சாப்பாடு மிஞ்சிப்போச்சு. உங்களுக்குத்தான் கொண்டாந்தேன். ஏன் வெளிய நிக்கறீங்க?"

"ஐயோ, வேணாம் மாமா!" கபிலேஷ் பதறினான். "இப்பத்தான் பசிக்க ஆரம்பிச்சிருக்கு. இதைச் சாப்பிட்டா மறுபடி மூடிக்கும்!"

மோனிஷா கதவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அப்பா கையிலிருந்து கேரியரை வாங்கி, படியிலேயே உட்கார்ந்து, முதல் அடுக்கைத் திறந்தாள்.

"கதவு கெடக்குது கழுதை" என்றாள். "நீ வந்து சாப்பிடு."